வைகாசியில் எடுத்த படம்

மலைக்குக் கொண்டை இல்லை என்று இருசப்பன் சொன்னபோது தணிகைவேல் சிரித்துவிட்டான். முந்தின நாள் மாலைவரை அந்தக் கொண்டையைத்தான் அவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். செங்கல்பட்டு அலுவலகத்தில், அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேஜைமேல், அமெரிக்கச் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் அது நல்ல இரத்தச் சிவப்பாக இருந்தது. பச்சை இலை அந்தப் படங்களில் சிவப்பாகத்தான் விழும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு காடு.

"இன்னாத்துக்கு மச்சான் இளிக்கிறே?" என்றான் இருசப்பன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த குப்பத்தின் மணலில் அவனுடைய வலை விரிந்து கிடந்தது. நடுவில் ஓர் எருமை நுழைந்து போகலாம் போலக் கிழிசல். "பாறை மேல வுட்டுட்டேன். இருவது வருசமா போற பாறை. கண்ண மூடிகினே போவேன். கொஞ்ச வருசமா தேஞ்சிகினே வந்திச்சி, இப்ப அடையாளம் சுத்தமா கெட்டுப் போச்சி."

அடையாளம் என்று அவன் சொன்னது தணிகைவேலுக்கும் தெரியும். கரையில் ஊருக்கு மேலே எழும் கலங்கரை விளக்கம் ஒன்று. அதற்குப் பின்னால், மேற்கே பத்து மைலில், நெடுங்காட்டு மலை. மலையின் தெற்கு முனையில் பழைய வீரை மரங்களும் பாலை மரங்களும் கூட்டமாக நின்று, பெண்பிள்ளை முடிந்த கொண்டை போலத் தெரியும். விளக்கத்தின் தலையும் அந்தக் கொண்டையும் ஒரே நேரில் வந்து நின்றால் கட்டுமரத்துக்கு அடியில் பாறை. அங்கிருந்து வடக்கே கொஞ்சம் துடுப்புப் போட்டு வலை விட்டால் சங்கரா மீன். நேர் தப்பினால் வலை போயிற்று.

"உங்க ஆபீசு அந்த மலையத்தான் அளந்துகினு கீதுன்னு சொன்னியே. கொண்டைய எங்க வச்சிகீறீங்க, பீரோலயா?"

"படத்துல கீதுடா. நேத்துகூட பாத்தேன்."

"படத்துல எங்க ஆத்தாகூட கீறா. கூப்ட்டா வருவாளா?"

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். தணிகைவேலுக்குச் சுருக்கென்றது. அந்தக் குப்பத்தில் பிறந்து, கட்டுமரத்தில் கால் வைத்தாலே குமட்டுகிற காரணத்தால் படிக்க அனுப்பப்பட்டு, வரைபடக்காரன் ஆனவன் அவன். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பழையது. "வா, போவலாம். காட்டு" என்றான்.

இரண்டாவது அலை தாண்டுவதற்குள் காலையில் தின்ற இட்லி கடலுக்குப் போனது. அரை மணி கழித்து, துடுப்பை நிறுத்தி, இருசப்பன் கையை நீட்டினான். தணிகைவேல் வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். கலங்கரை விளக்கம் தெரிந்தது. மலையும் தெரிந்தது. மலையின் தெற்கு முனை சவரம் செய்த தலை போல வழுவழுவென்று வானத்தில் வளைந்திருந்தது. மரம் என்று சொல்ல இரண்டு குச்சி நின்றது.

"இப்ப சிரி" என்றான் இருசப்பன்.

*

திங்கட்கிழமை அவன் அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போனான்.

அது வாடகை வீட்டின் மாடியில், மூன்று வருஷத்துக்கென்று போட்ட தற்காலிக அளவைப் பிரிவு. காடு எங்கே அடர்த்தி, எங்கே பாதி, எங்கே வெறும் புதர் என்று படத்திலிருந்து எண்ணிச் சொல்வதுதான் வேலை. முறை எளிது. பெரிதாக்கிய படத்தின்மேல் புள்ளிகள் அச்சிட்ட கண்ணாடித்தாளைப் போடவேண்டும். ஒரு புள்ளி ஒரு ஹெக்டேர். ஒவ்வொரு புள்ளியும் எதன்மேல் விழுகிறது என்று பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே போகவேண்டும். நெடுங்காட்டு மலை மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி. அதில் எண்ணூற்றுப் பத்து அடர்ந்த காடு என்று சனிக்கிழமை அவனே எண்ணி முடித்திருந்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை.

படத்தின் மூலையில் சிறிய எழுத்தில் தேதி இருந்தது. 1977 ஜனவரி. தை மாதம்.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மழை முடிந்த தையில் இந்த மாவட்டத்தில் எதுதான் பச்சை இல்லை? மரத்தை வெட்டிய இடத்தில் ஆள் உயரம் உண்ணிச்செடி மண்டும். அதற்கு நடுவே புல். மேலே ஐந்நூறு மைலிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே சிவப்பு. ஆனால் வீரை, பாலை, காசா மரங்கள் கோடையிலும் இலை உதிர்க்காது. புல் காய்ந்து, உண்ணி சருகான பிறகும் எது சிவப்பாக நிற்கிறதோ அதுதான் காடு.

படங்கள் வந்த தகரக் குழாய்கள் பீரோவுக்குப் பின்னால் கிடந்தன. மூன்றாவது குழாயில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'உபயோகமில்லை.' உள்ளே அதே மலை, அதே வருஷம், வைகாசி. துளி மேகம் இல்லை.

மேஜைமேல் விரித்தான். மலை பழுப்பாக இருந்தது. வடக்குச் சரிவில் மட்டும் நாய்க்கடி போலச் சில சிவப்புத் துண்டுகள்.

"இன்னா அண்ணாத்த, மலைக்கு மஞ்சக் காமாலையா?" பின்னாலிருந்து கேட்டவன் மோசஸ். பிரிவின் இரண்டாவது எண்ணுகிறவன். செங்கல்பட்டு ஊர்க்காரன். வாய் சும்மா இராது.

"இத்த யாரு ஒதுக்கி வெச்சது?"

"ஐயாதான். நம்ம காட்டுக் கேம்ப்பு எப்பவும் பொங்கல் கழிச்சித்தானே? படமும் அதே மாசம் இருந்தாத்தான் ஒத்துப் போவும்னு சொன்னார்."

அது பொய்யில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே காட்டு முகாம் தையில்தான். அப்போதுதான் கிணற்றில் தண்ணீர் இருக்கும், கூடாரத்தில் தூக்கம் வரும், அதிகாரியின் கால் கொப்பளிக்காது. எழுபது வருஷமாக அந்த மாவட்டத்துக் காட்டைப் பச்சையாக இருக்கும்போது மட்டுமே அளந்திருக்கிறார்கள்.

தணிகைவேல் புள்ளித்தாளை வைகாசிப் படத்தின்மேல் போட்டான். மத்தியானச் சோற்றுக்கு எழவில்லை. நாலு மணிக்கு எண்ணி முடித்தபோது அடர்ந்த காடு இருநூற்றுப் பதினாலு.

*

பிரிவின் பொறுப்பு அதிகாரி பட்டாபிராமனுக்கு ஐம்பத்து நாலு வயது. டேராடூனில் படித்தவர். கோபப்பட்டால் குரல் இறங்குமே தவிர ஏறாது.

"சனிக்கிழமை எண்ணூத்திப் பத்துன்னே" என்றார்.

"அது தை மாசத்துப் படம் சார். இது அதே வருஷம் வைகாசி. நாலு மாசத்துல அறுநூறு ஹெக்டேர் காடு எங்க சார் போவும்?"

"கோடையில எல்லாம் காயறதுதான்."

"வீரை காயாது சார். பாலை காயாது. உங்களுக்குத் தெரியாததா?"

பட்டாபிராமன் பேனாவின் மூடியைத் திருகினார். மேஜையில் மெட்ராஸ் கடிதம் ஒன்று இருந்தது. நெடுங்காட்டு மலையில் கரிக்காக மரம் வெட்டக் கொடுத்த 'கூப்பு' என்ற குத்தகையை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டலாமா என்று ஒரு குழு கேட்டிருந்தது. காட்டில் பாதிக்குமேல் அடர்த்தியாக இருந்தால் நீட்டலாம். எண்ணூற்றுப் பத்து என்றால் நூற்றுக்கு அறுபத்திரண்டு. இருநூற்றுப் பதினாலு என்றால் பதினாறு. அந்தக் கடிதத்துக்குக் கீழே இன்னொரு தாளும் இருந்தது. அதைத்தான் அவர் மெதுவாக முன்னால் தள்ளினார்.

"பர்மனென்ட் ஆகப்போறவா லிஸ்ட். முப்பத்தொண்ணாந்தேதி மெட்ராஸ் போறது. மூணாவது பேரு உன்னோடது. ஒம்பது வருஷமா டிபார்ட்மென்ட்ல தற்காலிகம் இல்லியோ நீ?"

"ஆமா சார்."

"மோசஸ் தைப் படத்தை எண்ணி எண்ணூத்தி மூணு போட்டிருக்கான். நீ எண்ணூத்திப் பத்து. பொருந்திப் போறது. கையெழுத்தைப் போட்டுட்டு ஆத்துக்குப் போ."

தணிகைவேல் அந்தப் பட்டியலைப் பார்த்தான். தட்டச்சில் அவன் பெயர் அழகாக இருந்தது. பிறகு தன் தாளை எடுத்து, 'எண்ணியவர்' என்ற இடத்தில் இருநூற்றுப் பதினாலு என்று மையில் எழுதிக் கையெழுத்திட்டு, பட்டியலின்மேல் வைத்தான்.

"பொருந்தலை சார். பதினோராம் விதி."

விதி இதுதான்: ஒரே மலையை இருவர் தனித்தனியே எண்ணவேண்டும். நூற்றுக்கு ஐந்துக்குமேல் வித்தியாசம் வந்தால் பதினைந்து நாளுக்குள் இருவரும் பொறுப்பு அதிகாரியுடன் காட்டுக்குப் போய்ச் சரிபார்க்கவேண்டும். எண்ணுகிறவர்கள் தூங்கிவிடக்கூடாது என்று அந்த விதியை எழுதியவர் பட்டாபிராமனேதான்.

"கத்தரி வெயில் நடக்கறது" என்றார் அவர், குரல் இன்னும் இறங்கி. "தையில போகலாம்."

"பதினைஞ்சு நாள்னு எழுதியிருக்கீங்க சார்."

*

"வேல போச்சின்னா இன்னா பண்ணுவே?" என்று அன்று சாயங்காலம் சொர்ணம் கேட்டாள். இருசப்பனின் தங்கை, தணிகைவேலின் மனைவி. அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "எங்கண்ணன் கட்டுமரத்துல ஏறலாம்னா, வலைல வுழற மீனவிட நீ எடுக்கிற வாந்தி ஜாஸ்தியா இருக்கும்."

"கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"நான் இன்னா சொல்றது? ஒம்பது வருசமா அடுத்த மாசம் பர்மனென்ட்டு, அடுத்த மாசம் பர்மனென்ட்டுனு கேட்டுகினு கீறேன். எனக்கு வேணும்தான்." கரண்டியைத் தட்டினாள். "ஆனா கொண்டை இல்லாத மலைய கொண்டையோட எழுதிக் குட்த்துட்டு ஞாயித்துக்கெயம எங்க குப்பத்துக்கு வராத. நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன்."

*

ஜீப் மலையடிவாரத்தில் நின்றபோது காலை ஏழு மணிக்கே பாறை சுட்டது. அடிவாரக் கிணற்றில் வாளி சேற்றைத்தான் கொண்டுவந்தது. பட்டாபிராமன் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நாடாவும் பதிவேடும் தணிகைவேலிடம். தண்ணீர்க் கூஜா மோசஸிடம்.

தெற்கு முனைக்குப் போக இரண்டு மணி நேரம் ஆயிற்று. தையில் இதே பாதையின் இருபுறமும் பச்சைச் சுவர் நிற்கும். இப்போது உண்ணிச்செடி குச்சியாகக் காய்ந்து உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. அடிமரம், அடிமரம், அடிமரம். இடையிடையே வட்டமாகக் கருத்த பள்ளங்கள். மரத்தை அடுக்கி மண் மூடிக் கரி சுட்ட மூட்டங்கள்.

"மெட்ராஸ் ஜனங்க சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம நிக்குதேன்னு பாத்தேன்" என்றான் மோசஸ். "நம்ம மலை இல்ல இஸ்திரி பொட்டிக்குள்ள பூந்துகினு கீது."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் கயிறு கட்டி, உள்ளே நின்ற மரங்களை மார்பு உயரத்தில் நாடா சுற்றி அளந்தார்கள். இப்படி ஒன்பது இடம், விதிப்படி. 1962-ல் இதே இடங்களில் ஹெக்டேருக்குத் தொண்ணூற்று நாலு டன் மரம் என்று பதிவேட்டில் இருந்தது. தணிகைவேல் மண்டியிட்டு, தொடைமேல் பதிவேட்டை வைத்து, மூன்று முறை கணக்குப் போட்டான். பத்தொன்பது டன்.

பட்டாபிராமன் ஒரு வீரை அடிமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் உட்காரலாம், அத்தனை அகலம். அவருக்கு எதிரே, மரம் இல்லாத சரிவுக்கு அப்பால், கடல் வெளிச்சமாகக் கிடந்தது. கரையில் கலங்கரை விளக்கம் குச்சி போல நின்றது. இருசப்பன் எங்கிருந்து கையை நீட்டினானோ, அந்த இடத்தை நோக்கித்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தணிகைவேல் நினைத்தான். நடுவில் மறைக்க ஒன்றும் இல்லை.

"எழுவத்தொண்ணுல இங்கே வந்தேன்" என்றார் பட்டாபிராமன். "தை மாசம். ரெண்டு பக்கமும் மார் உயரத்துக்கு ஜில்லுன்னு பச்சை. நான் பாதையைவிட்டு எறங்கலை. அட்டை கடிக்கும்னு சொன்னா." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்பவும் அறுபத்திரண்டு பர்சென்ட்னு கையெழுத்துப் போட்டது நான்தான். அதை வெச்சுண்டுதான் இந்தக் கூப்பையே கொடுத்தா."

அப்போதுதான் தணிகைவேலுக்கு விளங்கிற்று, அந்தக் குழாயில் சீட்டு ஒட்டிய கை எதற்குப் பயந்தது என்று.

*

மறுநாள் அவர் அறைக்குக் கூப்பிட்டார். மோசஸும் நின்றான்.

"நானூறுன்னு போடு" என்றார். "நடுவாந்தரம். கூப்பைக் கொஞ்சம் குறைப்பா. எனக்கும் பழுதில்லை, உனக்கும் பழுதில்லை. நேத்து நான் ஒண்ணும் மறைக்கலை, பார்த்தியோன்னோ? அந்த மரியாதையை நீயும் வெச்சுக்கோ."

"நானூறுக்கு இன்னும் நூத்தி எண்பத்தாறு ஹெக்டேர் வேணும் சார். அத்தினி மரத்துக்கு நான் எங்க போவேன்?"

"தணிகைவேல், முப்பத்தொண்ணாந்தேதி நாளன்னிக்கு."

"தெரியும் சார்."

அவன் சரிபார்ப்புத் தாளை மேஜையிலேயே வைத்து, நின்றபடி எழுதினான். படம் எடுத்த தேதி. காட்டுக்குப் போன தேதி. அடர்ந்த காடு இருநூற்றுப் பதினாலு. படங்களோடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அனுப்பிய அந்தப் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது: அழிந்த மரத்தோடு போன கரியின், அதாவது கார்பனின், எடை. எதற்குக் கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாததால் அலுவலகத்தில் அங்கே எப்போதும் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். தணிகைவேல் கோடு இழுக்கவில்லை. ஹெக்டேருக்குக் குறைந்தது எழுபத்தைந்து டன் மரம், பதிவில் காடாக இருந்து தரையில் இல்லாதது ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு ஹெக்டேர், காய்ந்த மரத்தில் பாதி கார்பன். இருபத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது டன் என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினான். கீழே முழுப் பெயர், தகப்பன் பெயர், குப்பத்தின் பெயர்.

"மோசஸ் எண்ணூத்தி மூணு போட்டிருக்கான்" என்றார் பட்டாபிராமன், அவனைப் பார்க்காமல்.

மோசஸ் பேனாவை நீட்டும்படி தணிகைவேலிடம் சைகை செய்தான். "அது தையில சார். நேத்து என் காலு கொப்பளிச்சது வைகாசியில." தன் எண்ணை அடித்து, பக்கத்தில் இருநூற்றுப் பதினாலு என்று எழுதினான். "எண்ணூத்தி மூணு ஹெக்டேர் காடு கீதுன்னு எய்திக் குட்த்தேன்னா கர்த்தர் எங்கடா ஒரு நெயலுன்னு கேப்பாரு."

இருவர் எண்ணிக்கையும் பொருந்திவிட்டால் தாளைத் திருத்த அதிகாரிக்கு உரிமை இல்லை. அதுவும் அவர் எழுதிய விதிதான். குறிப்பு மட்டும் சேர்க்கலாம். பட்டாபிராமன் பேனாவைத் திறந்தார். 'கோடைகாலப் படம் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். அதே தபாலில் போன பட்டியலில் மூன்றாவது பெயர் வேறொருவருடையது.

*

ஆடியில் பதில் வந்தது. கூப்பு இந்த வருஷம் நீட்டப்படாது. மறு அளவைக்குப் பிறகு முடிவு செய்யப்படும். மறு அளவை எந்த மாதம் என்று கடிதத்தில் இல்லை.

தணிகைவேல் அன்றே ஒரு மனு எழுதினான். மறு அளவை வைகாசியில்தான் நடக்கவேண்டும், வைகாசிப் படத்தைத்தான் எண்ணவேண்டும், ஏன் என்றால் இன்ன இன்ன காரணம். நாலு பக்கம். எழுத்தர் வாங்க யோசித்தார். வரவுப் பதிவேட்டில் முத்திரை குத்தும்வரை அவன் மேஜையைவிட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொர்ணத்தோடு குப்பத்துக்குப் போனான். இருசப்பன் கிழிசலைப் பின்னி முடித்திருந்தான். புதிய அடையாளமும் கண்டுபிடித்திருந்தான். தெற்கே கல்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தின் புகைபோக்கி. நேர் சரியாக விழவில்லை, உத்தேசமாகத்தான் போகவேண்டியிருக்கிறது என்றான்.

"வேல கீதா மச்சான்?"

"தற்காலிகமா கீது."

"மலை?"

"அதுவும் அப்டித்தான்."

இருசப்பன் வலையை உதறினான். "தை வந்தா மறுபடியும் பச்சப் பசேல்னு ஆயிடுமே. மெட்ராஸ்லேர்ந்து எவனாவது வந்து, பாத்தியா காடு கீதுன்னு சொன்னா இன்னா பண்ணுவே?"

"உன் கட்டுமரத்துல ஏத்தி இட்டுகினு வந்து கடல்லேர்ந்து காட்டுவேன்."

"நீயா? ரெண்டாவது அலைக்கே வாந்தி எடுப்பியே!"

"எட்த்துகினே காட்டுவேன்" என்றான் தணிகைவேல்.